வாப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குருசு

மகளுக்கு, உம்மாவின் ஸலாம். சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நேற்றும் போனில் அதைத்தான் கேட்டேன், நீயும் சுகம் என்றுதான் சொன்னாய். போனில் கதைக்க முடியாத ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "அழுறீங்களா உம்மா?" என்று நீ கேட்டுவிடுகிறாய். பிறகு எனக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அழுதாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எழுதலாம். இது நீளமாகத்தான் வரும். ஜெர்மனியில் உனக்கு ரெயிலில் போய்வரும் நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்வாயே, அதில் வைத்து வாசி.

போன கிழமை உன் கல்யாணக் கார்ட் அடிக்க சாச்சாவோடு கல்முனைக்குப் போனேன். வாப்பாவுக்கு இருக்கும் ஒரே தம்பி என்ற உரிமையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறார், பாவம். அச்சுக்கூடத்துக்காரர் கம்பியூட்டரில் உன் பெயரை அடித்தார், மாப்பிள்ளையின் பெயரை அடித்தார், பிறகு வாப்பாவின் பெயருக்கு வந்தார். "பேருக்கு முன்னால மர்ஹூம் போடுறதானே?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார். மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தவர்களின் பெயருக்கு முன்னால் நாம் போடுகிற அந்தச் சொல்லை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அடிப்பாரோ. அவருக்கு அது முற்றுப்புள்ளி மாதிரி. சாச்சா என்னைப் பார்த்தார். நான், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, வெயில் ஏறுகிறது, இன்னொரு நாள் வருவோம் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்யாணப் பதிவுகாரர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். தேத்தண்ணி குடித்து, உன் படிப்பை விசாரித்து, ஜெர்மனியில் குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். "தங்கச்சி, நான் ஒண்டு கேக்கணும், குறை நினைக்கப்படாது. புள்ளையிட வாப்பா மௌத்தென்டா, சாச்சா வலியா இரிந்து நிக்காஹ் செஞ்சு குடுக்கலாம். காணாமப் போனவர் என்டு நீங்க சென்னா, சாச்சாக்கு அந்த உரிமை இல்ல. காதியார்தான் குடுக்கணும். நான் என்னத்த எழுதுற?" என்றார். பெண்ணின் கையைக் கொடுக்கிற பொறுப்பு வாப்பாவுடையது, அவர் இல்லையென்றால் அவருடைய தம்பியுடையது என்பது எனக்குத் தெரியும். இல்லாமல் போவதிலும் இரண்டு விதம் இருக்கிறது என்பதும், ஒரு விதத்துக்குத் தம்பி, மற்ற விதத்துக்கு வழக்குத் தீர்க்கிற காதியார் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். சாச்சா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "கூடப்பிறந்த காக்காட புள்ளைய நான் இரிக்கக்குள்ள பொறத்தியான் ஒராள் குடுக்கிறதா?" என்றார். பதிவுகாரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மௌத்துத்தான், ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னேன். பொய்தான். உன்னிடம் கேட்கிற எண்ணம் அப்போது எனக்கு இல்லை.

ஆனால் மகள், இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கொண்டுவந்தது பதிவுகாரர் இல்லை, அச்சுக்கூடத்துக்காரரும் இல்லை. நீதான். ஜெர்மன் பாஷையில் இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, யாரும் எழுதலாம், கூலி இல்லை, நானும் எழுதுகிறேன் என்று நீ முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். கூலி இல்லாமல் மற்றவர்களின் வாழ்க்கையை எழுதித் திரிவதற்கு இந்தக் குடும்பத்தில் ஒருவர் போதாதா என்று கேட்டேன். நீ இருக்கும் ஊரில் எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு மருத்துவச்சியைப் பற்றி முதலில் எழுதினாய். பிறகு ஒரு பாலம் கட்டியவர், பிறகு ஒரு பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா. வாப்பாவும் அப்படித்தானே. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றாமலே யாராவது ஒரு கிழவருக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிடுவார். மூன்று புத்தகம் போட்டார். மூன்றிலும் நம் கரையோரத்து ஆட்கள்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் அந்தப் புத்தகங்களுக்கு எழுத்துப் பிழை பார்த்தது நான். அவர் எப்போதும் சொல்வார்: "பிறந்த நாள் பிழைச்சாப் பரவாயில்ல, அத அவருக்கே தெரியா. மௌத்தான நாள் பிழைக்கப்படாது. அது நமக்குத் தெரிஞ்சதுதானே." அந்தப் பேச்சு நம் தலையில்தான் வந்து விழும் என்று யார் நினைத்தார்கள்.

வாப்பாவைப் பற்றியே எழுதப்போகிறேன் என்று நீ சொன்ன நாளில் எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். பிறகுதான் உன் கேள்விகள் வரத் தொடங்கின. எந்தத் தேதியில் பிறந்தார்? பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு தேதி இருந்தது, அது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் போட்டது. அவருடைய உம்மா சொல்வது நோன்பு மாதம், வாய்க்கால் உடைத்துக்கொண்ட வருஷம் என்று. ஜெர்மன்காரனுக்கு வாய்க்கால் உடைத்த வருஷத்தை எப்படி எழுதிக் காட்டுவது என்று நீ கேட்டாய். பிறகு பெயர். வாப்பாவின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அவருடைய வாப்பாவின் பெயர் என்று நீ எவ்வளவு விளக்கியும், யாரோ ஒருவர் அதைத் தூக்கிக் கடைசியில் வைத்து, குடும்பப் பெயர் என்று வரிசையில் சேர்த்துவிட்டார். ஜெர்மனியில் யாராவது வாப்பாவைத் தேடினால், மீன் வியாபாரம் செய்த உன் மூத்தாப்பாதான் முதலில் எழும்பி வருவார் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் அந்த விஷயத்தில் நாம் கடைசியாகச் சிரித்தது.

பிறகு அந்த விவாதம். இந்த மனிதர் இதில் இடம்பெறத் தகுதியானவரா என்று ஒருவர் கேட்டுவிட்டார், ஒரு கிழமை தவணை, அதற்குள் ஆதாரம் காட்டாவிட்டால் அழித்துவிடுவார்கள் என்றாய். நம் வீட்டில் என்ன ஆதாரம் இருக்கிறது? புத்தகம், படம், பரிசு வாங்கிய கேடயம் எல்லாம் சுனாமியில் சுவரோடு சேர்ந்து போனது. சாச்சாதான் பாண்டிருப்புக்குப் போய், வாப்பாவோடு படிப்பித்த தமிழ் மாஸ்டர் ஒருவரிடமிருந்து மூன்று புத்தகங்களையும் வாங்கி வந்தார். அந்த மனிதரின் வீட்டுக்குள்ளும் கடல் வந்ததுதான். உயரத்துத் தட்டில் இருந்த புத்தகங்கள் மட்டும் தப்பின. முதல் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினோம். அங்கே முகம் தெரியாத ஆட்கள், எனக்கு விளங்காத பாஷையில், என் புருஷன் ஒரு ஆளா இல்லையா என்று வழக்குப் பேசுகிறார்கள். நான் இங்கே அடுப்படியில் நின்று துஆக் கேட்கிறேன். சொந்தப் பிள்ளை எழுதக்கூடாது என்று ஒருவர் குற்றம் சொன்னார் என்றாய். பின்னே வேறு யார் எழுதுவார்கள் என்று நான் கேட்டேன். கடைசியில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்று ஆணம் இறக்க மறந்து சட்டி அடிப்பிடித்துவிட்டது.

நீ எழுதியதைப் பார்க்கிறேன் என்று சாச்சா கல்முனையில் நெட் கடைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார், கையில் ஒரு தாள். "மச்சி, உங்கட மகள் காக்காவ வேதத்தில சேர்த்திட்டாள்!" என்றார். வாப்பாவின் பெயர், பக்கத்தில் ஒரு நட்சத்திரம், அதற்குப் பிறகு பிறந்த வருஷம். அதற்குப் பிறகு, சின்னதாக, வடிவாக, கிறிஸ்தவக் கோயிலில் நிற்கிற மாதிரி ஒரு குருசு. பிறகு சுனாமி வந்த தேதி. நான் உனக்குப் போன் எடுத்துக் கத்தியது நினைவிருக்கும். ஜெர்மனிக்குப் போய் நீ என்ன ஆகிவிட்டாய் என்றுகூடக் கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய்: "அது வேதக்காரர்ட குருசு இல்ல உம்மா. அவங்கட முறை. நட்சத்திரம் என்டாப் பிறப்பு, அது என்டா மௌத்து. எல்லாருக்கும் அதுதான்." சாச்சா பக்கத்தில் நின்று, "எல்லாருக்கும் என்டா? ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஆளுக்குமா?" என்று கேட்டார். நீ குருசை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சொல்லாக எழுதினாய். யாரோ வந்து சொல்லை எடுத்துவிட்டுத் திரும்பக் குருசை வைத்தார். நீ எடுக்க, அவர் வைக்க, ஊரில் எல்லைக் கட்டைக்குச் சண்டை பிடிக்கிற மாதிரி ஒரு மாதம் போனது. கடைசியில் நீ வென்றாய். வென்றுவிட்டேன் உம்மா என்று சந்தோஷமாகப் போன் எடுத்தாய். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். குருசு போனாலும் தேதி நிற்கிறதே மகள் என்றேன்.

எனக்கு அடையாளம் பிரச்சினை இல்லை, அது சொல்கிற விஷயம்தான் பிரச்சினை என்று அப்போது உனக்கு விளங்கிவிட்டது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாப்பா ரொட்டியைத் தின்றுவிட்டு, கடற்கரையில் இருந்த தண்டையல் வீட்டுக்குப் போனார். கரைவலைத் தோணிகளுக்குத் தலைவராக இருந்த அந்த மனிதரின் வாழ்க்கையைப் பல கிழமைகளாக எழுதிக்கொண்டிருந்தார். "கொஞ்சக் கதைதான் மிச்சம் கிடக்கு, முடிச்சிட்டு வாறன்" என்று படலையில் நின்று சொன்னார். தண்டையலின் ஜனாஸா கிடைத்தது. அவருடைய மருமகளின் ஜனாஸா கிடைத்தது. வாப்பாவின் செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காத எல்லோருக்கும் சேர்த்துப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தினார்கள், அதில் அவரையும் நினைத்துத்தான் இருப்பார்கள். பள்ளிக்கூடத்து முகாமில், புருஷன் போனவள் வீட்டுக்குள் அடங்கி இருக்கிற இத்தாவுக்கு நான்கு சுவர் யாருக்கு இருந்தது? தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்றேன், உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னை விதவை என்று உட்கார வைக்கவில்லை. நானும் உட்காரவில்லை. அடுத்த வருஷம் உனக்குப் படிக்க இடம் கிடைத்து நீ போனாய். அப்படியே நாள் போனது. மௌத்து என்றும் ஹயாத்து என்றும் சொல்லாமல் ஒரு மனுஷி காலம் தள்ளலாம் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போர் முடிந்து பாதைகள் திறந்தபோது என் புத்தி கெட்டுவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வவுனியா முகாம் ஒன்றில் நம் கரையோரத்து ஆள் ஒருவர் பெயர் ஊர் மறந்து இருக்கிறாராம் என்று மீன் லொறிக்காரர் ஒருவர் சொன்ன கதை என் காதுக்கு வந்தது. கடலில் போனவர் எப்படி வன்னிக் காட்டுக்குப் போவார் என்று நான் யோசிக்கவே இல்லை. சாச்சாவைப் போகச் சொன்னேன். அவரும் யோசிக்கவில்லை. பாண்டிருப்பு மாஸ்டரிடம் வாங்கிய புத்தகத்தின் பின் அட்டையில் இருந்த வாப்பாவின் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி, போய் வந்தார். படலையைத் திறக்கும்போதே "இல்ல மச்சி" என்றார். அந்த ஆள் வேறு யாருடைய வாப்பாவோ. அன்று சாச்சா சோறு தின்னவில்லை. அதனால்தான் சொல்கிறேன், காக்காவை அவசரப்பட்டு மௌத்தாக்கப் பார்க்கிறார் என்று மட்டும் நீ சாச்சாவை நினைத்துவிடாதே. தேடிப் போய்ப் பார்த்து வந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அந்த நாட்களில் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெண்கள் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். பிள்ளையைக் கொண்டு போனார்கள், புருஷனைக் கொண்டு போனார்கள், எங்கே என்று சொல்லுங்கள் என்று கேட்டு. ஒரு நாள் பஸ்ஸுக்குப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "உங்கட ஆரம்மா?" என்று கேட்டா. என் புருஷன் என்றேன். "ஆர் கொண்டு போன?" என்று கேட்டா. கடல் என்றேன். சொன்ன பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது, நான் யாரிடம் போய்க் கேட்பது? அந்த அம்மா பாயில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டா. நான் பஸ் வரும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லித்தான் அந்தத் தேதியை எடு என்று கேட்டேன். எடுத்தால் பிறந்த வருஷம் மட்டும் நிற்கும், அப்படி நின்றால் அவர் ஹயாத்தோடு இருக்கிறார் என்று அர்த்தம், வருஷம் போகப் போக வயது ஏறிக்கொண்டே போகும் என்றாய். அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பொய் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. பிறகு நீயே தேடி, தேதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சொல்லை வைத்தாய். ஃபெர்ஷொல்லன். காணாமல் போனவருக்கு ஜெர்மனில் அப்படிச் சொல்வார்களாம். ஒரு சத்தம் தூரப் போய்ப் போய்க் கேட்காமல் போவதைச் சொல்கிற சொல்லிலிருந்து வந்ததாம். அடுப்படியில் நின்று நான் அதைப் பலதரம் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அதில் "சொல்லான்" என்றுதான் கேட்டது. யார் சொல்ல மாட்டான்? அவர் சொல்லிவிட்டுத்தானே போனார், முடித்துவிட்டு வருகிறேன் என்று. அந்தச் சொல்லோடு இப்படிச் சண்டை பிடித்தாலும், அதுதான் எனக்கு இருக்க இடம் தந்த சொல். எந்த ஊரோ எந்தப் பாஷையோ, வாப்பாவைச் சாகடிக்கவும் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று ஏமாற்றவும் இல்லை. அதோடு என் கவலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சாச்சா உனக்கு நிக்காஹ் செய்து கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

உனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மாப்பிள்ளை வெளியே போகும்போது என்ன சொல்கிறார் என்பதைக் காதில் வாங்கு, கையில் என்ன வேலை இருந்தாலும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளாக இருந்தால் அவரை நம்பு. நீ கோபத்தில் போனை வைக்கிற பழக்கத்தை விடு. வேறென்ன. அங்கே மற்ற ஆட்களைப் பற்றி எழுதுவதைக் கல்யாணம் முடிந்ததும் விட்டுவிடாதே. அந்த மருத்துவச்சிக்கும் எங்காவது ஒரு மகள் இருந்திருப்பாள்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். பதிவுகாரர் நேற்றும் வந்தார். "குடும்பத்தில ஒராள் சென்னாப் போதும் தங்கச்சி. ரெண்டாள் ரெண்டு விதமாச் செல்லப்படாது, அவ்வளவுதான்" என்றார். அந்த ஒராள் நான் இல்லை மகள். சாச்சாவுக்காக ஓம் என்று சொல்லிவிடலாம் என்று பலதரம் நினைத்துவிட்டேன், நாக்கு வரவில்லை. இல்லை என்று சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார், சொந்தக் காக்காவின் மகளுடைய நிக்காஹில் விருந்தாளி மாதிரி ஓரத்தில் இருப்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் நான் ஒருவருக்குத் துரோகம் செய்கிறேன். போனவர் எனக்குப் புருஷன் என்றால் உனக்கு வாப்பா. என்னைப் போல உனக்கும் சொல்லும் உரிமை இருக்கிறது. நீ எழுது. முதலில் அந்தக் கலைக்களஞ்சியத்தில், எனக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுது. தேதியைத் திரும்பப் போடுகிறாயா, அந்தச் சொல்லை அப்படியே விடுகிறாயா, எனக்குச் சொல்லாதே. பதிவுகாரரிடமும் சாச்சாவிடமும் மட்டும் சொல். கார்டையும் அதைப் பார்த்து சாச்சாவே அடிக்கட்டும், பெயருக்கு முன்னால் போடுவதைப் போட்டு, விடுவதை விட்டு. எனக்கு ஒன்றும் கொண்டுவந்து காட்ட வேண்டாம், கண் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

நிக்காஹ் அன்று ஆண்கள் மண்டபத்தில் இருப்பார்கள், நான் உள்ளறையில் உன் பக்கத்தில் இருப்பேன். நடுவில் திரை இருக்கும். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உன்னைக் கொடுப்பது யார் என்று எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். காதியாரின் குரல் என்றால், நான் இத்தனை காலம் இருந்த இடத்திலேயே இருந்துகொள்கிறேன். சாச்சாவின் குரல் என்றால், உனக்குத் தெரியும், போனில் எத்தனை தரம் நான் ஏமாந்திருக்கிறேன், அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். வாப்பாவே உன்னைக் கையைப் பிடித்துக் கொடுக்கிற மாதிரித்தான் எனக்குக் கேட்கும், அந்த நிமிஷத்தில்தான் அவர் மௌத்தானார் என்றும் எனக்குத் தெரியவரும். நான் அழுதால் நீ திரும்பிப் பார்க்காதே. கல்யாண வீட்டில் உம்மாமார் அழுவதுதானே என்று எல்லோரும் நினைப்பார்கள், நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

உன் உம்மா